கண் சேராத இரவுகள்

(நமது பங்கின் பொன்விழா வாரத்தில், முதியோர் மாலையன்று பங்கு மண்டபத்தில் ஓய்வுபெற்ற பஞ்சாலைக் கம்பவுண்டர் ஒருவர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியதற்கிணங்க இம்மலரில் வெளியிடுகிறோம்.)



நான் பேச்சாளன் அல்லன். 34 ஆண்டுகள் பஞ்சாலை மருந்தகத்தில் மருந்து கலக்கியும் மாத்திரை எண்ணியும் கொடுத்தவன். விழாக் குழுவினர் என் வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, வயதானவர்களுக்குப் பயன்படும்படி சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு அரைமணி நேரம் பேசுங்கள்" என்றார்கள். சர்க்கரையைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் காலைப் பூசை முடிந்து வெளியே வருகிற பெரியவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது "சர்க்கரை எவ்வளவு?" என்பதல்ல. "ராத்திரி தூங்கினீயளா?" என்பதுதான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "படுக்கையில் வராத தூக்கம் பிரசங்கத்தில் மட்டும் வருகிறதே, அது ஏன் கம்பவுண்டர்?" என்று கேட்டார். பங்குத் தந்தை அவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தக் கேள்வியை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது; அதற்கு மெய்யாகவே ஒரு விடை இருக்கிறது. சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

1986-ஆம் ஆண்டு. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வயது 68. இரத்த அழுத்தம் இருந்தது. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றில் ஒன்று நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் பிரியச் செய்து அழுத்தத்தைக் குறைப்பது. காலையில் ஒன்று என்றுதான் சீட்டில் இருந்தது. ஆனால் காலையில் நான் முதல் ஷிப்டுக்கு மருந்தகம் திறக்க ஓடிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு மாத்திரையின் நிறமும் பெயரும் நினைவில் நிற்காது. எனவே வசதியாக இருக்கட்டும் என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா மாத்திரைகளையும் சேர்த்து நானே கையில் கொடுத்துவிடுவேன். இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அம்மா சொன்னார்: "ஐயா, படுத்தா கண்ணு சேரவே மாட்டேங்குது. லேசா அசந்தா ரெண்டு தரம் எந்திரிக்க வேண்டியிருக்கு. அதுக்கப்புறம் கோழி கூவுற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிப்புதான்." அப்பா இருந்தவரை அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர். வீடு அமைதியாகிவிட்டது, தூக்கமும் போய்விட்டது. நானோ மருந்துக்காரன். அலமாரியில் டயஸிபாம் டப்பா இருந்தது. யாரையும் கேட்கவில்லை. 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை அந்த இரவுக் கைப்பிடியோடு சேர்த்துவிட்டேன். அன்றிரவே அம்மா தூங்கினார். மூன்றாம் நாள் என்னை அருகில் அழைத்து நெற்றியில் சிலுவை போட்டு, "எம் பிள்ள என்னைத் தூங்க வச்சிட்டான்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் சென்றது. ஒரு நள்ளிரவில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கொல்லைப்புறப் படியருகே அம்மா கிடந்தார். சிறுநீருக்கு எழுந்தவர் தள்ளாடி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

டயஸிபாம் ஓர் இரவோடு போகிற மருந்து அல்ல. அதன் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். போதாததற்கு, உடம்பு அதை மாற்றி உண்டாக்கும் இன்னொரு பொருளும் அதே வேலையைச் செய்துகொண்டு பல நாள் தங்கும். ஆகவே இன்றைய மாத்திரையைக் கொடுக்கும்போது நேற்றையதும் முந்தாநாளையதும் உள்ளே இருக்கின்றன. கால் தள்ளாடும், கண் மங்கும், புத்தி மெதுவாகும். இது என் அலமாரியில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது. இரவில் நீர் மாத்திரை எழுப்புகிறது. எழுந்தவரைத் தூக்க மாத்திரை கீழே தள்ளுகிறது. இரண்டையும் ஒரே கையால் ஒரே நேரத்தில் ஊட்டியவன் நான். அம்மாவின் தூக்கம் கெட்டதற்கே பாதிக் காரணம் நான் மாற்றி வைத்த அந்த நேரம்தான் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மா பதினான்கு மாதம் படுக்கையில் இருந்து இறந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "படி வழுக்கிட்டு" என்றுதான் சொன்னார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கத் துணியவில்லை. இதைப் பலர் முன்னிலையில் சொல்வது இன்றுதான் முதல் தடவை.

நிற்க. தூக்கம் எப்படி வருகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. ஒன்று பசி போன்றது. காலையில் எழுந்த நிமிடத்திலிருந்து மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட அது கூடும், தூங்கினால் கரையும். இதைத் தூக்கப் பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நாலு பஜ்ஜி தின்றவனுக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. அதுபோல மதியம் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டவருக்கு இரவு பத்து மணிக்குத் தூக்கப் பசி இருக்காது. காப்பி என்ன செய்கிறது? அந்த அடினோசின் போய் அமர வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பசி இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. அதன் வீரியம் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உங்களோடு விழித்துக்கொண்டிருக்கிறது. டீயும் அதே சாதிதான், வீரியம் சற்றுக் குறைவு.

மற்றொன்று கடிகாரம். நம் ஊருக்கு ஆலைச் சங்கு எப்படியோ அப்படி உடம்புக்கு ஒரு சங்கு உண்டு. இரண்டு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு மேலே, அரிசி மணியிலும் சிறிய ஓர் இடத்தில் அது இருக்கிறது. அதை முடுக்குவது காலை வெளிச்சம். இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பசியும் கடிகாரமும் சேர்ந்துதான் தூக்கத்தைக் கொண்டுவருகின்றன என்று 1982-இல் தெளிவாக வகுத்துச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி.

இதற்கெல்லாம் முன்னோடியான ஒருவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளைட்மன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1938-இல் அவரும் அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் இறங்கினார்கள். சூரியன் எட்டிப் பார்க்காத இருட்டு. அங்கே 32 நாட்கள் தங்கி, ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு தூங்கி எழ முயன்றார்கள். நாம் எறும்புக்குப் பயந்து பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறோம் அல்லவா, அதுபோல் எலிகளுக்குப் பயந்து கட்டில் கால்களைக் கிருமிநாசினி டின்களில் வைத்துப் படுத்தார்களாம். இளைஞரான மாணவரின் உடம்பு அந்தப் புதிய கணக்குக்கு இணங்கிப் போயிற்று. பேராசிரியரின் உடம்போ குகைக்குள்ளும் பழைய 24 மணிக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. வயது ஏற ஏறச் சங்கு பிடிவாதமாகிவிடுகிறது என்று அந்த இருவரை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். ஆனாலும் ஷிப்டு மாறியபோதெல்லாம் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பட்ட பாட்டை மருந்தகத்தில் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது ஆச்சரியமாகத் தோன்றவில்லை. கிளைட்மன் 104 வயது வரை வாழ்ந்து 1999-இல்தான் மறைந்தார்.

இனிப் பெரியவர்களின் வழக்கமான முறையீட்டுக்கு வருகிறேன். "இரண்டரை மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை." நான் கேட்பேன்: "எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" "ஏழரைக்கு." ஐயா, ஏழரையிலிருந்து இரண்டரை வரை ஏழு மணி நேரம் ஆகிறது! இது தூக்கமின்மை அல்ல, நேரம் தவறிய தூக்கம். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இளையவர்கள் கைக்குப் போய்விடுகிறது, வேறு வேலையில்லை, படுத்துவிடுகிறோம். ஒன்பதரை, பத்து வரை எதையாவது செய்துகொண்டு உட்கார்ந்திருங்கள். முழிப்பும் தானே விடிகாலைக்குத் தள்ளிப்போகும்.

இன்னொன்று. வயதானால் ஆழ்ந்த உறக்கம் குறைவதும் இடையிடையே விழிப்பதும் இயல்பு. தூக்கம் என்பது சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக வருவது. சுற்றுக்குச் சுற்று மேலே வந்து மூழ்கும்போது கண் திறந்தால் அது நோயல்ல. மின்விளக்கு வருமுன் ஐரோப்பாவில் பலர் இரவை முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கினார்கள் என்று ரோஜர் எகிர்க் என்னும் வரலாற்றாசிரியர் 2005-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். நடுவில் எழுந்து அடுப்பைப் பார்ப்பார்கள், ஜெபிப்பார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். துறவு மடங்களில் இரவு ஜெபத்துக்கு எழும் வழக்கம் நமக்குத் தெரியாததா? நடு இரவில் விழித்தோமே என்று பதறுவதுதான் பல வேளைகளில் அடுத்த தூக்கத்தை விரட்டுகிறது.

அப்படியானால் எது நோய்? தூங்க நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் பிடிக்காமல், அது மூன்று மாதமும் நீடித்து, பகலில் வேலையும் மனமும் கெடுமானால் அதுவே நாட்பட்ட தூக்கமின்மை. அம்மா விழுந்த பிறகு அது என்னையே பிடித்தது.

முதல் சில மாதங்கள் தூங்காததில் வியப்பில்லை. குற்ற உணர்ச்சி யாரைத் தூங்க விடும்? ஆனால் அம்மா இறந்து ஓராண்டு சென்றும், துக்கம் சற்று ஆறியும், தூக்கம் திரும்பவில்லை. ஏன்? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் இதற்கு அழகான விளக்கம் சொன்னார். தூக்கம் கெடக்கூடிய சுபாவம் ஒன்று நமக்குள் முன்பே இருக்கும். ஏதோ ஒரு சம்பவம் அதைத் தட்டி எழுப்பும். மூன்றாவதாக, தூங்குவதற்காக நாம் செய்யும் காரியங்களே அதை நீடிக்க வைக்கும். சம்பவம் போய்விடும், காரியங்கள் நிற்கும். நான் என்ன செய்தேன்? முந்தின நாள் தூங்கவில்லையே என்று எட்டு மணிக்கே படுத்தேன். வராது. கடிகாரத்தைப் பார்ப்பேன்: பதினொன்று. இப்போது தூங்கினாலும் ஆறு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவேன். ஒன்று. இன்னும் நாலு மணி நேரம்தானே என்று வயிறு கலங்கும். மூன்று மணிக்குக் கண் அசந்து, விடுமுறை நாளானால் எட்டு மணி வரை கிடப்பேன். மதியம் ஒரு மணி நேரம். மாலையில் களைப்புக்கு இரண்டு டம்ளர் காப்பி. மாத்திரையை மட்டும் தொடவில்லை. அந்த டப்பாவைப் பார்த்தாலே கை நடுங்கும். 

நண்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிரசங்கத்தின்போது யாரும் தூங்க முயற்சி செய்வதில்லை, தூங்காதிருக்கத்தான் முயல்கிறோம்! அதனால்தான் வருகிறது. படுக்கையில் நாம் தூக்கத்தைத் துரத்துகிறோம். துரத்துவதற்கு விழித்திருக்க வேண்டுமே. நாளடைவில் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: கட்டில் என்பது கண் விழித்துக் கவலைப்படும் இடம். நாற்காலியில் கண் சொருகியவர் கட்டிலில் தலை சாய்த்ததும் பளிச்சென்று விழிப்பது இதனால்தான். வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் இதைத் திருப்பிப் போட்டார். தூக்கம் வராதவரிடம், "கண்ணைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் விழித்திருக்க முடிகிறது பார்" என்பார். முயற்சி போனதும் தூக்கம் வரும்.

1989-இல் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அந்தக் காலத்தில் அங்கே போவதை வெளியே சொல்ல மாட்டோம். நானும் மதுரைக்கு மருந்து வாங்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம் எல்லாம் எழுதிவரச் சொன்னார். கூட்டிப் பார்த்தோம். படுக்கையில் கிடந்தது நாளுக்கு ஒன்பது மணி நேரம். தூங்கியது ஐந்துக்கும் சற்று மேல். "அப்படியானால் உங்களுக்குக் கட்டில் ஐந்தரை மணி நேரம்தான்" என்றார் டாக்டர். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுக்க வேண்டும், ஐந்தரைச் சங்குக்கு எழுந்துவிட வேண்டும். தூங்கினாலும் தூங்காவிட்டாலும், ஞாயிறானாலும், திருநாளானாலும். பகலில் படுக்கக் கூடாது. படுத்துக் கால் மணி நேரம் போலத் தோன்றியும் கண் சேராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய்து, கண் சொருகும்போது மட்டும் திரும்ப வேண்டும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, சாப்பிடுவது, சண்டை போடுவது எதுவும் கூடாது.

தூக்கம் போதவில்லை என்று வந்தவனுக்கு இன்னும் குறைக்கச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. முதல் வாரம் நரகம். பதினோரு மணிக்கு நின்றுகொண்டே ஆடுவேன். என் மனைவி முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். திண்ணையில் உட்கார்ந்து பழைய மருந்துப் பட்டியல்களைப் பிரதி எடுத்தேன். மூன்றாம் வாரம் ஒருநாள், பன்னிரண்டுக்குத் தலையணையில் தலை வைத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சங்கு. எழுந்து உட்கார்ந்து அழுதேன். அதன்பின் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டி, இரவு பத்தரை வரை கொண்டுவந்தோம். இரண்டரை மாதம் ஆயிற்று.

இந்த முறையின் ஒரு பாதி, எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வது, ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் சொன்னது. மறுபாதி, படுக்கை நேரத்தைச் சுருக்குவது, ஸ்பீல்மனுடையது. இவை சேர்ந்த மனப் பயிற்சிச் சிகிச்சையைத்தான் நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் தர வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. காக்காய் வலிப்பு உள்ளவர்கள், மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், இயந்திரத்தருகே நிற்பவர்கள் இந்தச் சுருக்கும் வேலையை டாக்டரைக் கேட்காமல் தாமாகச் செய்யக் கூடாது. அடிக்கடி விழுகிற முதியவர்களும் அப்படியே.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1903-இல் ஜெர்மனியில் வெரொனால் வந்தது; அற்புதம் என்றார்கள்; பழக்கமாகிப் பலர் அளவு மீறிச் செத்தார்கள். 1951-இல் நம் இந்தியாவிலேயே கக்கர், ஸாகீர் என்ற இருவர் மலேரியாவுக்கு மருந்து தேடப்போய் மெத்தகுவலோனைக் கண்டார்கள். அது மாண்ட்ராக்ஸ் என்ற பெயரில் பிற நாடுகளில் தூக்க மருந்தாக விற்று, போதைப் பொருளாகிச் சீரழிந்தது. 1984-இல் அமெரிக்கா தடை செய்தது. 1960-இல் லிப்ரியம், 1963-இல் வேலியம். அந்த வேலியம்தான் டயஸிபாம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. டயஸிபாம், அல்பிரசோலம் குடும்பத்து மருந்துகளின் விவரக் குறிப்புகளில் அடிமைப்படுத்தும் ஆபத்தைக் கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டுமென்று 2020-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. நம் நாட்டில் 2014 முதல் இவை எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு வேண்டும். கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு மாத்திரை கடன் வாங்குவதும் எனக்குத் தெரியாததல்ல.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரும் துக்கத்தில் டாக்டர் ஒன்றிரண்டு வாரம் கொடுப்பது உண்டு, அது வேறு. ஆனால் இங்கே யாராவது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவருகிறவர் இருந்தால், என் பேச்சைக் கேட்டு இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பயம், வலிப்புகூட வரலாம். டாக்டர் கணக்குப்படி வாரக்கணக்கில் துளித்துளியாகக் குறைக்க வேண்டும். சளிக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதும் வயதானவர்களுக்கு ஆகாது. மறுநாள் மந்தமும் குழப்பமும்தான் மிச்சம். "ஒரு அவுன்ஸ் போட்டால் நல்லாத் தூக்கம் வருது" என்பவர்களுக்கு: வருவது முன்னிரவில், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும்.

சில வேளைகளில் தூக்கமின்மைக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கும். பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுதல், பகலெல்லாம் தூங்கி வழிதல் இருந்தால் அது மூச்சுத் தடை நோய். தூக்க மாத்திரை அதை மோசமாக்கக் கூடும். பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊர்ந்து, ஆட்டினால்தான் நிம்மதி என்றால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். விடியுமுன் மூன்று மணிக்கே விழித்து, உலகமே வெறுத்துப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் உண்டு. நீர் மாத்திரையைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

செல்போனைப் பற்றி இளையவர்களிடம் கேட்டால் நீல வெளிச்சம் என்பார்கள். என் அபிப்பிராயத்தில் வெளிச்சத்தைவிட அதற்குள் இருக்கும் சங்கதிகளே அதிகம் கெடுக்கின்றன. பதினோரு மணிக்கு உறவினர் குழுவில் நடக்கும் சண்டையைப் படித்தவர் எப்படித் தூங்குவார்? திருநாள் காலத்து ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றிருந்தேன். விழாக் குழுவினர் முன் வரிசையில் அமர்ந்திருப்பதால் விட்டுவிடுகிறேன்.

பாட்டிமார்கள் இருவர் கேட்டுவிட்ட கேள்வி: "செபமாலை சொல்லிக்கிட்டே தூங்கிப் போறேனே, பாவமா?" பாவ புண்ணியம் என் இலாகா அல்ல. ஆனால் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் ஆண்டுக்கணக்கில் ஜெப நேரத்தில் தூங்கியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பெற்றோருக்குத் தூங்கும் பிள்ளையும் பிரியம்தான் என்று ஆறுதல் கொண்டாராம். என் இலாகாவைச் சேர்ந்தது ஒன்று சொல்வேன். 2001-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் சகாக்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லத்தீனில் செபமாலை சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாகக் குறைந்து, இதயத்தின் தாளமும் அதற்கு இசைந்து அமைதியடைகிறதாம். அவர்கள் தூக்கத்தை அளக்கவில்லை. ஆனாலும் அமைதியான மூச்சோடு படுப்பவருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. எண்ணிக்கை தவறிவிட்டதே என்று எழுந்து உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

மணி ஏழாகிவிட்டது. வெளியே காப்பி தயாராக இருப்பதாகச் சொல்கிறார்கள். பத்து மணிக்குப் படுக்கப் போகிறவர்கள் பாலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைப் பைகளை எடுத்து வரும்படி சென்ற ஞாயிறு அறிவித்திருந்தோம். கொண்டு வந்தவர்கள் மண்டபத்தின் மேற்குச் சன்னலோரம் வாருங்கள். எந்த மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் டாக்டர் சீட்டோடு ஒத்துப் பார்த்து, மாறியிருந்தால் அவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். சீட்டு இல்லாதவர்கள் பையை மட்டும் கொண்டு வந்தாலும் போதும்.